கைக்குழந்தையாக வந்த கார்த்திக்

வங்காளத்துக் கார்த்திக் நம்மூர் முருகன்தான். ஆனால் முதல் முறை பார்ப்பவர் நம்பமாட்டார். சுருள்முடி, அரும்பு மீசை, கொசுவம் வைத்த வேட்டி, மயில்மேல் மாப்பிள்ளைத் தோரணை. வேலும் ஆறுமுகமும் தேடினால் கிடைக்காது. அப்படிப்பட்ட சொகுசுக்காரன் 2020 அக்டோபரில், தெற்குக் கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில், மேல்சட்டைகூட இல்லாத கைக்குழந்தையாக ஓர் அம்மாவின் கையில் இருந்தான்.

அந்த அம்மா சாதாரணப் புடவை கட்டியிருந்தாள். ஆயுதம் இல்லை, பத்துக் கை இல்லை. உடன் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தியிடம் ஆந்தை, மற்றவளிடம் அன்னம். அன்னம் என்பது நம் மரியாதை. பார்வைக்கு அது வாத்துதான். யானை முகத்தோடு ஒரு பையன். ஆந்தை லக்ஷ்மிக்கு, அன்னம் சரஸ்வதிக்கு. இருவரும் துர்க்கையின் மகள்கள் என்பது வங்காளக் கணக்கு. முப்பெருந்தேவியரைச் சரிசமமாக வைத்துக் கொலு அடுக்கும் நமக்கு இந்த உறவுமுறை பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

இந்தச் சிலையைச் செய்யச் சொன்னது கலைக்கூடமும் இல்லை, அரசும் இல்லை. பரிஷா கிளப் என்ற தெருச் சங்கம். கருத்துக் கலை என்றால் வெள்ளைச் சுவரும் குளிர்சாதன அறையும் நினைவுக்கு வரும். கொல்கத்தாவில் அதை ஏவிச் செய்விப்பவர்கள் பேட்டைக்காரர்கள். துர்கா பூஜைக் கமிட்டி மாதக்கணக்கில் முன்பே ஒரு ‘தீம்’ கலைஞரைப் பிடிக்கும். கருவை அவர் சொல்வார். பந்தல், விளக்கு, ஒலி, சிலை செய்பவர் என எல்லாம் அந்தக் கருவுக்குக் கட்டுப்பட வேண்டும். பணம் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் சந்தாவிலும், வழிநெடுகக் கட்டும் விளம்பரப் பதாகையிலும் வரும்.

பெஹாலாவில் உள்ள பரிஷாவுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. சாவர்ண ராய்சௌத்ரி குடும்பத்தின் துர்கா பூஜை 1610-இல் தொடங்கியது இங்கேதான் என்பார்கள். சுதானுட்டி, கோபிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையை 1698-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த குடும்பம் அது. அந்தக் காலத்தில் சிலைக்குச் சொல்லிவிடுபவர் ஜமீன்தார். வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் ஊர் மக்கள். குப்திபாடா என்ற ஊரில் பன்னிரண்டு நண்பர்கள் கூடிக் காசு போட்டு 1790-இல் ஒரு பூஜை நடத்தியதாகச் சொல்வார்கள். பன்னிரண்டு சேக்காளிகள் என்ற பொருளில்தான் ‘பாரோவாரி’ என்ற சொல் பிறந்ததாம். ஏவுகிற அதிகாரம் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கியது. 1985-இல் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனம் சிறந்த பூஜைகளுக்கு ‘ஷரத் ஷம்மான்’ விருதை ஆரம்பித்ததும் தெருவுக்குத் தெரு போட்டி. 2001-இல் போஸ்புகூர் ஷீத்தலா மந்திர்க்காரர்கள், டீ குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் மண் குவளைகளாலேயே பந்தல் கட்டினார்கள். அதைப் பார்க்க நகரமே திரண்டது. அதற்குப் பிறகு கரு இல்லாத பூஜை கொஞ்சம் கூச்சத்தோடு நடக்க வேண்டியதாயிற்று.

2020-க்கு வருவோம். மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு. மே 20-இல் ஆம்பன் புயல். ‘த்ராண்’ என்ற சொல் அந்த ஆண்டு வங்காளத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. அரிசி மூட்டை, தார்ப்பாய், உலர்ந்த அவல் என எல்லா நிவாரணமும் த்ராண்தான். கடவுள் வந்து காப்பாற்றுவதும் த்ராண்தான். ஊரடங்கில் வேலையிழந்து, நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளிப் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்த கலைஞர் ரிந்து தாஸ், பரிஷா கிளப்புக்கு அந்தச் சொல்லையே கருவாக்கினார்.

சிலையைச் செய்தவர் கிருஷ்ணநகரைச் சேர்ந்த பல்லவ் பௌமிக். இந்த ஊர்ப் பெயரைச் சும்மா தாண்டிவிடக் கூடாது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, நதியா மாவட்டத்தில் இருக்கிறது. அதன் கூர்ணி பேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்பவர்கள். அவர்கள் கைவந்தது சாமி மட்டுமல்ல: மீன்காரி, நெசவாளி, பிச்சைக்காரர், கலப்பை தூக்கிய உழவர். விலா எலும்பையும் கணுக்கால் நரம்பையும்கூட விடமாட்டார்கள். 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சிக்கே போன கைவேலை அது. உழைப்பாளி உடம்பை இவ்வளவு காலம் உற்றுப் பார்த்த ஊரிலிருந்து இந்த அம்மா வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிகாஷ் பட்டாச்சார்ஜியின் துர்க்கை ஓவியங்களும் பல்லவுக்குத் தூண்டுதலாக இருந்தன. அந்த ஓவியர் வீட்டுப் பெண்களின் நெற்றியில் மூன்றாவது கண்ணைத் திறந்து வைத்தவர்.

‘தெய்வத்தைக் கூலிக்காரி ஆக்கிவிட்டார்கள்’ என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது தலைகீழாகவே படுகிறது. வங்காளிக்குத் துர்க்கை, கைலாசத்துப் புருஷன் வீட்டிலிருந்து நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வரும் மகள். நான்கைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். பிள்ளைகளோடு ஊருக்கு வருவது அவளுடைய பழைய கதைதான். ரிந்து தாஸும் பல்லவும் சிங்கத்தையும் ஆயுதங்களையும் கீழே இறக்கி வைத்தார்கள், அவ்வளவே.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதை மறைப்பானேன். அன்று நடந்து போனவர்களின் கால் கொப்புளம், விளம்பரதாரர் பணத்தில் நடக்கும் போட்டிக்குக் கருப்பொருள் ஆவது அத்தனை சுத்தமான காரியமில்லை. இந்தக் கேள்வியைத் தீம் பூஜைகள் எப்போதும் சுமந்துகொண்டேதான் வருகின்றன.

பந்தல் தயாரானபோது அடுத்த திருப்பம். பூஜை தொடங்கும் சஷ்டிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 19 அன்று, பந்தல்களுக்குள் பார்வையாளர் நுழையக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறிய பந்தலானால் ஐந்து மீட்டர், பெரிய பந்தலானால் பத்து மீட்டர் தூரத்தில் தடுப்பு. வழக்கமாக இரவெல்லாம் கால் கடுக்க வரிசையில் நின்று, தள்ளுமுள்ளுக்கு நடுவே இரண்டு நிமிடம் சாமி பார்க்கும் நகரம் அது. நெருங்கிப் பார்க்கச் செய்த சிலையை எட்ட நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

ஆனால் புகைப்படத்தை எந்தத் தடுப்பும் நிறுத்தவில்லை. பூஜை தொடங்கும் முன்பே அந்த அம்மா வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விட்டாள். பிள்ளைகளோடு நடந்தவர்களைத் தாங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விஜயதசமி முதல் கொல்கத்தாச் சிலைகள் பாபுகாட் போன்ற படித்துறைகளில் கங்கையில் இறங்கும். மண் கரைய, மூங்கிலும் வைக்கோலும் சேர்ந்த ‘காட்டாமோ’ சட்டத்தைக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். கைபேசிக்குள் போனதற்கு அப்படி ஒரு படித்துறை இல்லை.

அடுத்த ஆண்டு, 2021-இல், பரிஷா கிளப் மறுபடியும் ரிந்து தாஸையே கூப்பிட்டது. இம்முறை கரு ‘பாகேர் மா’, பங்கு போடப்பட்ட தாய். டாக்காவின் காவல் தெய்வமான டாகேஷ்வரியின் மூலச் சிலை, பிரிவினைக்குப் பின் 1948-இல் கொல்கத்தாவுக்கு எடுத்துவரப்பட்டது. இன்றும் குமார்டூலியில் பூஜை பெறுகிறது. அதையும் குடியுரிமைப் பதிவேட்டுக் கவலையையும் சேர்த்துத் தைத்த கரு இது. பந்தலின் ஒரு பக்கம் இந்திய எல்லை, மறுபக்கம் வங்கதேச எல்லை. நடுவில் அடைப்புக்குள் அதே மாதிரி ஓர் அம்மா, அதே நான்கு பிள்ளைகள். இந்த முறை அவள் கையில் இருந்தது ஒரு துர்க்கைச் சிலை.