ஃபைபர் சப்ஊஃபர் பெட்டி

கார் டிக்கியின் பக்கச் சுவர் எப்படி வளைகிறதோ அதே வளைவில் கண்ணாடி இழையையும் ரெசினையும் படியவைத்துச் செய்யும் ஒலிபெருக்கிப் பெட்டி இது. தாழ்ந்த சுரங்களுக்கான சப்ஊஃபர் இதனுள் அமரும். கடையில் ஆயத்தமாக விற்கும் மரப்பெட்டி டிக்கியின் நடுவில் இடம் பிடித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டி பின்சக்கர வளைவை ஒட்டிய குழியில் ஒதுங்கிவிடும். அந்தக் குழியில் ஜாக்கியும் பழந்துணியும் தவிர வேறெதுவும் உருப்படியாக நிற்காது.

இந்த இட மிச்சம் ஏன் பெரிது என்பது கோவையின் சரவணம்பட்டியில் புரியும். காந்திபுரத்திலிருந்து சத்தி சாலையில் வடக்கே போனால் வரும் இவ்வூர், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்துக் கீரணத்தம் வரை ஐ.டி. வளாகங்கள் வந்தபின் குடியிருப்பும் காரும் பெருகின. இங்கே ஒரு கார் வார நாளில் அலுவலகம் போகும், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்த் தேங்காய் மூட்டையோடு திரும்பும், முகூர்த்த நாளில் சீர்த்தட்டு சுமக்கும். டிக்கி முழுவதையும் பாட்டுக்கு எழுதிக்கொடுக்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதிலும் நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதால் வால் நறுக்கப்பட்ட செடான்களில் இடம் இன்னும் நெருக்கடி. 2012இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் டிக்கி 316 லிட்டர்தான்.

கணக்கு இப்படி. உள்ளளவு 38, 30, 25 சென்டிமீட்டர் கொண்ட பெட்டி ஏறக்குறைய 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி. பல 12 அங்குல ஊஃபர்களுக்கு இது போதும். இதையே 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். எனும் அழுத்திய மரநார்ப் பலகையில் அடித்தால் வெளியளவு 40 லிட்டரைத் தொடும். அந்த டிசையர் டிக்கியில் எட்டில் ஒரு பங்கு காலி. ஆறு மில்லிமீட்டர் ஃபைபரில் செய்தால் 32 லிட்டர்தான். சதுரப் பெட்டியைச் சுற்றி வீணாகும் மூலைகளைக் கூட்டினால் வித்தியாசம் இன்னும் பெரிது.

பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது. அடைத்த பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று 1954இல் ஏ.ஆர்.-1 ஒலிபெருக்கி மூலம் காட்டியவர் அமெரிக்கர் எட்கர் வில்ச்சர். ஊஃபருக்கும் பெட்டிக்குமான கணக்கை ஆஸ்திரேலியர் நெவில் தீல் 1961இல் தொடங்க, அதை ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கினார். இன்று ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள் இவ்விருவர் பெயராலேயே அறியப்படுகின்றன. ஓர் ஊஃபரின் க்யூ.டி.எஸ். (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) 0.5, வி.ஏ.எஸ். (கூம்பின் நெகிழ்வுக்கு இணையான காற்றளவு) 28 லிட்டர் என்றால், 28 லிட்டர் அடைத்த பெட்டியில் மொத்த க்யூ 0.707 வரும். மேடு பள்ளமின்றித் தாழ்சுரம் இறங்குவது அந்த மதிப்பில்தான். பெட்டி சிறுத்தால் ஒரே சுரத்தில் 'தும் தும்' என்று முட்டும்.

காரும் தன் பங்குக்கு உதவுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். காரே அதில் பாதிதான். அலை விரிய இடமில்லாததால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தி விரிகிறது, ஒலி ஏறுகிறது. அடைத்த பெட்டியின் ஒலி கீழ்ச்சுரங்களில் விழுவதை இந்த ஏற்றம் பெருமளவு ஈடுகட்டும். வீட்டு ஹாலில் சோகையாகக் கேட்கும் சிறு பெட்டி காருக்குள் அதிர்வதற்குக் காரணம் இதுதான்.

வேலை டிக்கியின் உள்விரிப்பைக் கழற்றுவதில் தொடங்கும். தகரத்தின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, அதன்மேல் அலுமினியத் தாள், மெழுகு. இங்கே சோம்பினால் பெட்டி காரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உளிதான். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடி இழை மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பார்கள். பிசிறான ஓரம் அடுத்த துண்டோடு தடம் தெரியாமல் கலந்துவிடும். பிரஷைத் தேய்க்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். ரெசின் ஊறும்போது வெள்ளை மேட் கண்ணாடியாகிறது. எங்காவது வெள்ளையாகவே நின்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று பொருள். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இரண்டு மூன்று அடுக்கு இறுகி ஓடு ஆனதும் அதை வெளியே எடுத்து மீதி அடுக்குகளை நிழலில் போடுவார்கள்.

அடுத்து முன்முகம். ஊஃபர் உட்காரும் எம்.டி.எஃப். வளையத்தைக் குச்சிகள் கொடுத்து ஓட்டின்மேல் நிறுத்தி, இழுபடும் துணியை விறைப்பாகப் போர்த்தி ரெசின் பூசினால் துணி பலகைபோல் விறைத்துவிடும். அதன் உள்ளும் புறமும் மீண்டும் மேட், பிறகு பட்டி, உப்புத்தாள், பெயின்ட் அல்லது கார்பெட். கொள்ளளவை அளக்கக் கணிதமே வேண்டாம்: தெர்மாகோல் மணியை வாய்வரை நிரப்பி, அளவுவாளியில் கொட்டிப் பார்த்து, ஊஃபரின் காந்தம் அடைக்கும் இடத்தைக் கழித்தால் போதும்.

ஃபைபர் என்றாலே ஒலி மேம்படும் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. வளைந்த ஃபைபர் உறுதியானது. தட்டையாக விட்ட ஃபைபரோ அதே கனத்துப் பலகையைப் போலவே அதிரும், அந்த அதிர்வு பாட்டில் கலக்கும். அதனால் தேர்ந்த கைகள் தட்டைப் பரப்பில் உள்ளே மரச்சட்டம் கொடுத்துவிடுகின்றன. எல்.இ.டி. பட்டையும் பளபள பெயின்டும் கண்ணுக்கானவை, காதுக்கு அவற்றால் ஒன்றுமில்லை.

ஃபைபர் காருக்கும் புதிதல்ல, கோவைக்கும் புதிதல்ல. 1953இல் அமெரிக்காவின் கார்வெட்டும் 1980களில் பெங்களூரின் சிபானி டால்ஃபினும் ஃபைபர் உடலோடு சாலைக்கு வந்தன. 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே உருவாக்கியவர் எஸ். கரிவர்தன். செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வார்ப்பட ஆலைகளுக்கு மரத்தில் அச்சு செதுக்கும் பேட்டர்ன் தொழிலும் இவ்வூரில் பழையது. வளைவைக் கண்ணால் அளந்து கையால் கொண்டுவரும் பழக்கம் பட்டறைகளில் இருந்தது. சப்ஊஃபர் வந்தது பிறகுதான்.

ஆபத்து ரசாயனத்தில் இருக்கிறது. ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் ஒரு பெராக்ஸைடு. எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் போதும். வேகத்தைக் கூட்டும் கோபால்ட் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்ட்னரை விட வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒரு லிட்டரை மொத்தமாகக் கலந்தால் பாதி பூசுவதற்குள் டப்பாவிலேயே கொதித்துப் புகையும், எனவே சிறிது சிறிதாகக் கலப்பதே வழக்கம். ஆடிக் காற்றில் வரும் ஈரமோ எதிர்த்தொல்லை, மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரின் நெடியைத் துணி முகமூடி தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஊஃபரை இயக்கும் 500 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முழு வேகத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். தடித்த செம்புக் கம்பியும், பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸும் அவசியம். பெட்டியைக் காரின் உடலோடு போல்ட் போட்டு இறுக்காவிட்டால், திடீர் பிரேக்கில் இருபது கிலோ எடை பின்சீட்டின் முதுகில் மோதும். பாட்டின் சத்தத்துக்கும் வரம்பு உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.

விற்கும் நேரத்தில் இன்னொரு செலவு தெரியவரும். ஊஃபரும் ஆம்பும் அடுத்த காருக்கு வரும். பெட்டி வராது, டிசையரின் இடப்பக்கக் குழிக்கு வார்த்தது ஹோண்டா சிட்டியின் 506 லிட்டர் டிக்கியில் எந்தச் சுவரோடும் பொருந்தாது. பலர் அதைப் பழைய காரோடே விட்டுவிட்டு, விலையில் ஓரிரு ஆயிரம் கூட்டிக் கேட்டுப் பார்க்கிறார்கள்.