அபிசீனியப் பூனையும் அதன் பெயரும்

நாம் மணிலாக்கொட்டை என்று வழங்கும் நிலக்கடலையின் தாயகம் மணிலா நகரம் அன்று, தென் அமெரிக்கா. ஒரு பொருள் பிறந்த இடத்தை விட்டு, அது வந்த வழியின் பெயரைப் பெறுவது உலக வழக்கு. வகுப்பில் இதனைச் சொல்லும்போது, "அப்படியானால் பெயரை நம்பவே கூடாதா, ஐயா?" என்று மாணவர் வினவுவதுண்டு. நம்பலாம், ஆனால் ஒரு சாட்சியை நம்புவது போல, குறுக்கு விசாரணை செய்த பின்னரே நம்ப வேண்டும். அவ்வாறு விசாரிக்கத்தக்க பெயர்களுள் ஒன்று அபிசீனியப் பூனை என்பது.

முதலில் அப்பூனையை அறிமுகம் செய்துகொள்வோம். குறுமயிர்ப் பூனை இனங்களுள் அது ஒன்று. ஒல்லியான உடல், நீண்ட கால்கள், பெரிய செவிகள், வாதுமை வடிவக் கண்கள். எடை மூன்று முதல் ஐந்து கிலோ வரை. குரல் மெல்லியது, உயரமான இடங்களில் ஏறுவதில் பெருவிருப்பம் உடையது. அதன் தனிச் சிறப்பு மயிரில் இருக்கிறது. ஒவ்வொரு மயிரிலும் வெளிறிய நிறமும் கரிய நிறமும் மாறி மாறிப் பட்டையிட்டிருக்கும். ஆகவே உடலில் வரிகள் தெரியாமல், காட்டு முயலின் மேனி போன்ற தோற்றம் உண்டாகிறது. நெற்றியில் மட்டும் கோடுகள் எஞ்சி நிற்கும்.

இனிப் பெயரின் கதைக்கு வருவோம். இன்று எதியோப்பியா எனப்படும் அபிசீனியாவை அக்காலத்தில் ஆண்டவர் மன்னர் தெவோட்ரோசு. அவர் சில ஐரோப்பியரைச் சிறைப்பிடித்து வைத்ததனால், 1868-இல் ஆங்கிலேயர் அவர்மீது படையெடுத்தனர். படைத்தலைவர் இராபர்ட் நேப்பியர். படையின் பெரும்பகுதி பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்றது. பீரங்கி சுமக்க 44 யானைகளும் சென்றன. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் நாட்டுப் பொறிவினைப் படையினரும் சென்றனர். செங்கடற் கரையில் அவர்கள் இறங்கிய இடத்தின் பெயர் ஜூலா. ஏப்ரல் 13-இல் மக்தலாக் கோட்டை வீழ்ந்தது. மன்னர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய மணிமுடியும் ஏடுகளும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன.

போர் முடிந்து மீண்டவர்களோடு ஒரு பூனையும் இங்கிலாந்து சேர்ந்ததென்றும், அதற்கு ஜூலா என்றே பெயரிட்டனர் என்றும் 1870-களில் வெளிவந்த ஒரு நூல் கூறுகிறது, படமும் தருகிறது. அக்காலத்தில்தான், 1871-இல், இலண்டன் பளிங்கு மாளிகையில் பெரிய பூனைக் கண்காட்சி தொடங்கியிருந்தது. கண்காட்சி என்றால் இனப்பெயர் வேண்டும். தொலைநாட்டுப் பெயராயின் மதிப்பு மிகும். வெற்றி முழக்கம் ஓயாத நாட்களில் அபிசீனியா என்ற பெயர் எவ்வளவு இனித்திருக்கும்! 1882-இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது.

இப்போது குறுக்கு விசாரணை. படத்திலுள்ள ஜூலாவின் செவிகள் சிறியவை. இன்றைய இனத்தின் செவிகளோ பெரியவை. ஜூலாவிலிருந்து இன்றைய பூனைகள் வழிவந்தன என்று காட்டும் வம்சாவளி ஏடு எதுவும் இல்லை. அடுத்த சாட்சி ஒல்லாந்து நாட்டிலுள்ள லைடன் அருங்காட்சியகம். அங்கே இதே வகை மயிருடைய, பாடம் செய்யப்பட்ட பூனை ஒன்று உள்ளது. அது வாங்கப்பட்டது 1834-க்கும் 1836-க்கும் இடையில். அதாவது அபிசீனியப் போருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர். அதன் சீட்டில் தாயகம் இந்தியா என்று எழுதப்பட்டிருக்கிறது.

உடனே நாம் மகிழ்ந்து, "இது எங்கள் நாட்டுப் பூனை" என்று ஆர்ப்பரித்தல் கூடாது. அக்கால ஐரோப்பியர் இந்தியா என்ற சொல்லைக் கிழக்குத் தீவுகளுக்கும் வழங்கினர். நமக்குப் பிடித்த சாட்சியையும் நாம் விசாரிக்க வேண்டும். மூன்றாம் சாட்சியாக வருவது மரபணு ஆய்வு. அது இப்பூனையின் மூலத்தை இந்தியப் பெருங்கடற் கரையோரத்தையும் தென்கிழக்காசியாவையும் நோக்கிச் சுட்டுகிறது. சீட்டும் மரபணுவும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் அவற்றின் சொல்லுக்கு வலிமை உண்டாகிறது. அக்கடலில் ஓடிய வணிகக் கப்பல்களில் எலி பிடிக்கப் பூனைகள் வளர்க்கப்பட்டதை எண்ணினால், பயணம் வியப்பாகத் தோன்றாது.

எகிப்தியரின் பூனைத் தெய்வச் சிலைகளைப் போலவே இது இருக்கிறது, ஆகவே அவற்றின் வழித்தோன்றலே இது என்பாரும் உளர். முகம் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

இவ்வினத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. பூனை இனத்தின் மரபணுத் தொகுதி முதன்முதலில் படித்தறியப்பட்டபோது, 2007-இல், அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது சின்னமன் என்னும் அபிசீனியப் பூனையே. பார்வையைப் படிப்படியாக இழக்கச் செய்யும் பரம்பரை நோய் இவ்வினத்தில் உண்டு. மனிதரிடத்தும் அதனையொத்த நோய் இருப்பதால் அந்த ஆய்வு நமக்கும் பயன்படுவது. வரிகளை மறைக்கும் மரபணு எது என்பதும் 2021-இல் தெளிவாயிற்று.

இவ்வளவு அறிந்த பின்னும் அதன் பெயர் மாறவில்லை, மாற்றவும் வேண்டுவதில்லை. அப்பெயர் பூனை பிறந்த இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு போரையும், வென்றவர் வாரிச் சென்றதையும், ஒரு நகரத்தின் கண்காட்சி மோகத்தையும் சொல்கிறது. பெயர் பொய் சொல்வதில்லை, மாணவர்களே. நாம் கேட்ட கேள்விக்கு விடை கூறாமல், வேறொரு கேள்விக்கு விடை கூறுகிறது. அக்கேள்வி எது என்று கண்டுபிடிப்பதே வரலாறு பயில்வோர் கடமை.