பந்தயச் சொற்களுக்குள் மறைந்திருக்கும் கணக்கு

இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் புக்கி நிலையங்கள் எமது நகரங்களுக்குப் புதியவையல்ல. ஆனால், அங்கு பணம் கட்டுவதற்கு ஒருவர் நேரில் சென்றாக வேண்டும். தெரிந்தவர்களின் கண்ணில் படுவோமோ என்ற கூச்சமே பலரைத் தடுத்து வந்தது. இன்றோ கையடக்கத் தொலைபேசி அந்தக் கூச்சத்தையும் இல்லாமற் செய்துவிட்டது. கிரிக்கெட், உதைபந்தாட்டம் என்று எதனையும் வீட்டிலிருந்தவாறே பந்தயப் பொருளாக்கும் வசதி இளைஞர்களின் கைக்கு எட்டியுள்ளது. இத்தகைய சூழ்நிலையில், பந்தய உலகின் சொற்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் அறிந்திருப்பது அவசியமாகும். பந்தயம் கட்டுமாறு எவரையும் தூண்டுவது எமது நோக்கமன்று. அச்சொற்களின் உட்பொருளை விளங்கிக் கொள்வதே சிறந்த தற்காப்பு என்பதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

ஒருவர் கட்டும் பணமே பந்தயத் தொகை ஆகும். பந்தயங்களை ஏற்றுக் கொள்பவர் புக்மேக்கர் எனப்படுகின்றார். இதனையே சுருக்கமாக நாம் புக்கி என்கின்றோம். வென்றால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைக் கூறும் எண்ணே ஒட்ஸ், அதாவது பந்தய விகிதம். இது இரு முறைகளில் எழுதப்படுகின்றது. பிரித்தானிய முறையில் 5/1 என்றால், ஒரு ரூபா கட்டியவருக்கு ஐந்து ரூபா இலாபமும் கட்டிய ஒரு ரூபாவும் கிடைக்கும். இணையத்தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் தசம முறையில் இதுவே 6.00 என எழுதப்படும். இதில் கட்டிய பணமும் அடங்கியிருப்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. 1.90 என்ற விகிதத்தில் 1,000 ரூபா கட்டி வென்றவருக்குக் கிடைப்பது 1,900 ரூபா. அதில் இலாபம் 900 ரூபா மாத்திரமே.

வெல்லும் வாய்ப்பு அதிகமுள்ளதாகக் கருதப்படும் அணிக்கு விகிதம் குறைவாகவும், வாய்ப்புக் குறைந்த அணிக்கு விகிதம் அதிகமாகவும் இருக்கும். 1981 ஆம் ஆண்டு ஹெடிங்லி டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்து வெல்வதற்கு 500/1 என்ற விகிதம் அறிவிக்கப்பட்டது. எதிரணியான அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி 10 பவுணும் ரொட் மார்ஷ் 5 பவுணும் அதற்குக் கட்டினர். இங்கிலாந்து 18 ஓட்டங்களால் வென்றது. ஒருவருக்கு 5,000 பவுணும் மற்றவருக்கு 2,500 பவுணும் கிடைத்தன. 2016 இல் 5000/1 என்ற விகிதத்தை முறியடித்து லெய்செஸ்டர் சிற்றி அணி இங்கிலாந்து பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றதும் இத்தகையதே. இக்கதைகள் மீண்டும் மீண்டும் பேசப்படுவதற்குக் காரணம் அவை அரிதானவை என்பதே. இழந்தவர்களின் கதைகளை எவரும் பேசுவதில்லை.

அடுத்து அறிய வேண்டியது புக்கியின் மேலதிகப் பங்கு ஆகும். சமபலமுள்ள இரு அணிகள் மோதுகின்றன என வைத்துக் கொள்வோம். நியாயப்படி இரண்டுக்கும் 2.00 என்ற விகிதம் இருக்க வேண்டும். புக்கியோ இரண்டுக்கும் 1.90 என்றே அறிவிப்பார். இரு தரப்பிலும் தலா 1,000 ரூபா கட்டப்பட்டால் அவரிடம் சேர்வது 2,000 ரூபா. எந்த அணி வென்றாலும் அவர் கொடுக்க வேண்டியது 1,900 ரூபா. மிகுதி 100 ரூபா அவருடையது. ஆட்டத்தின் முடிவு குறித்து அவருக்குக் கவலையில்லை. 2,000 ரூபாவில் 100 ரூபா, அதாவது 5 சதவீதம், நீண்ட காலத்தில் பந்தயம் கட்டுவோரின் கைகளிலிருந்து கழிந்து கொண்டே இருக்கும்.

இந்தப் பங்கு பன்மடங்காகப் பெருகும் இடமே கூட்டுப் பந்தயம். பல போட்டிகளின் முடிவுகளை ஒன்றாக இணைத்து, அவை அனைத்தும் சரியாக அமைந்தால் மாத்திரமே பணம் என்பது அதன் நிபந்தனை. மேற்கூறிய 1.90 விகிதத்தில் ஐந்து போட்டிகளை இணைத்தால் 24.76 மடங்கு கிடைக்கும். கேட்பதற்கு இது கவர்ச்சியாக இருக்கின்றது. ஆனால், நியாயமான விகிதம் 32 மடங்காகும். 5 சதவீதமாக இருந்த இழப்பு இங்கு 22 சதவீதத்தையும் தாண்டி விடுகின்றது. சிறு தொகைக்குப் பெருந்தொகை என்று விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுவது இவ்வகைப் பந்தயமே என்பது கவனிக்கத்தக்கது.

ஊக்கத்தொகை என்பதும் அத்தகையதே. 1,000 ரூபா இலவசம் எனக் கூறப்பட்டாலும், அதனை மீளப் பெறுவதற்கு முன்னர் அதன் பத்து மடங்கைப் பந்தயத்தில் இட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் சிறிய எழுத்துக்களில் இருக்கும்.

இழந்ததைத் துரத்துதல் என்பது மிக ஆபத்தான பழக்கமாகும். தோற்கும்போதெல்லாம் தொகையை இரட்டிப்பாக்கினால் இறுதியில் வெல்லலாம் என்பது பலரது நம்பிக்கை. 100 ரூபாவில் தொடங்குபவர் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 12,700 ரூபாவை இழந்திருப்பார். எட்டாவது முறை 12,800 ரூபா கட்ட வேண்டும். சம விகிதத்தில் வென்றாலும் இறுதியில் அவருக்கு மிஞ்சும் இலாபம் வெறும் 100 ரூபாவே. அடகு வைத்த நகைகளும் வட்டிக்கு வாங்கிய கடன்களும் இந்தப் படிக்கட்டிலேயே பிறக்கின்றன.

நேரடிப் பந்தயம் என்பது ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே கட்டப்படுவதாகும். அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டங்கள், அடுத்த விக்கெட் எப்போது என்றெல்லாம் இதில் பணம் கட்டப்படுகின்றது. சிந்திப்பதற்கு அவகாசம் இல்லை என்பதே இதன் கேடு. விளையாட்டையே கறைப்படுத்தும் ஸ்பொட் ஃபிக்சிங் முறைகேட்டுக்கும் இத்தகைய பந்தயங்களே வழி திறக்கின்றன. முழு ஆட்டத்தின் முடிவை மாற்றப் பலரது ஒத்துழைப்பு தேவை. ஒரு பந்தை மாற்ற ஒருவரே போதும். 2010 ஆம் ஆண்டு லோர்ட்ஸ் டெஸ்டில் வேண்டுமென்றே நோபோல் வீசப்பட்ட விவகாரத்தில் பாகிஸ்தான் வீரர்கள் சல்மான் பட், மொஹமட் ஆசிப், மொஹமட் ஆமிர் ஆகியோர் 2011 இல் இலண்டன் நீதிமன்றத்தினால் சிறைத் தண்டனை பெற்றனர். அதற்கு முன்னர், 2000 ஆம் ஆண்டில், தென்னாபிரிக்க அணித் தலைவர் ஹன்ஸி குரோன்யே ஆயுட்காலத் தடைக்குள்ளானதும் உலகறிந்ததே.

எமது நாட்டில் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க, விளையாட்டுடன் தொடர்புடைய தவறுகளைத் தடுக்கும் சட்டம் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கியது. 10 ஆண்டுகள் வரையான சிறைத் தண்டனைக்கு அதில் இடமுண்டு. ஓர் அணியின் உள்விவரங்களைப் பந்தயத்துக்காக வெளியிடுவதும் இதில் அடங்கும். நண்பனுக்குச் சொன்ன ஒரு தகவல்தானே என இளம் வீரர்கள் எண்ணிவிடலாகாது.

சட்டங்கள் அவசியமானவையே. எனினும், ஒரு தந்தையின் மாதச் சம்பளமோ ஒரு மாணவனின் கல்விப் பணமோ கரைந்து போன பின்னர் சட்டத்தினால் அதனை மீட்டுத்தர முடியாது. பாடசாலைகளில் சதவீதமும் நிகழ்தகவும் கற்பிக்கப்படுகின்றன. 1.90 என்ற எண்ணுக்குள் இருக்கும் கணக்கையும் அதே கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆசிரியர்கள் முன்வர வேண்டும். தமது பிள்ளைகளின் வாயிலிருந்து இச்சொற்கள் புழங்கத் தொடங்குமானால், அதனை அதட்டி அடக்காது, அமர்ந்து பேசி விளக்கப் பெற்றோர் முயல வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.