கேம்ப், புனே: வந்தவர்கள் கட்டிய ஊர்

கேம்ப் என்பது மகாராஷ்டிர மாநிலம் புனே நகரில், பழைய ஊருக்குக் கிழக்கே அமைந்த கண்டோன்மென்ட் பகுதி. மராத்தியில் லஷ்கர் என்றும் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புனே கண்டோன்மென்ட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர். பார்சிகளின் அக்னி ஆலயம், யூதர்களின் ஜெப ஆலயம், ஆங்கிலிகன், கத்தோலிக்கத் தேவாலயங்கள், மசூதி, தர்கா, கோயில் எல்லாம் இங்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இதைப் பல சமய நல்லிணக்கம் என்று சுற்றுலாக் கையேடுகள் புகழும். அது முழு உண்மையல்ல. இந்த ஊரில் பூர்வகுடி என்று மார்தட்ட ஆளில்லை என்பதே முதல் காரணம்.

தோற்றம்

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அடுத்த புத்தாண்டு நாளில் நடந்த கோரேகாவ் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் இரண்டு பீரங்கிகளை இயக்கியது மெட்ராஸ் பீரங்கிப் படையின் சிறு குழு. புனேவின் புதிய வரலாற்றில் மெட்ராஸின் பெயர் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

வென்றவர்கள் பழைய ஊருக்குள் குடிபோகவில்லை. மராத்தியில் பேட் எனப்படும் பழைய பேட்டைகளை விட்டு விலகிக் கிழக்கே கூடாரம் அடித்தார்கள், கூடாரம் பாளையமாயிற்று. பாளையத்துக்கு ரொட்டி வேண்டும், மாட்டிறைச்சி வேண்டும், சாராயம், சீருடை, குதிரை லாடம், சலவை எல்லாம் வேண்டும். பிராமணர் செல்வாக்கு மிகுந்த பேட்டைகள் இவற்றில் பலவற்றைத் தொடவே தயங்கின. அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் கேம்ப்காரர்கள். பம்பாயிலிருந்து பார்சி ஒப்பந்தக்காரர்களும் போரா முஸ்லிம் வணிகர்களும் வந்தார்கள். கோவாவிலிருந்து சமையல்காரர், தையல்காரர், வாத்தியக் கலைஞர்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும். குடியேறியவர்கள் இருக்கும் வேலையைப் பங்கு போடுகிறார்கள் என்பது உலகெங்கும் கேட்கும் புகார். கேம்ப்பில் நடந்தது தலைகீழ். வேலை முதலில் வந்தது, செய்ய ஆளில்லை, ஆள் பிறகு வந்தார்.

நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. கண்டோன்மென்ட்டில் ‘ஓல்டு கிராண்ட்’ என்ற பழைய முறைப்படி கட்டடம் குடியிருப்பவருடையது, மண் அரசுடையது. தலைமுறைகள் வாழ்ந்தும் காலடி மண் தன்னுடையதல்ல என்ற நிலை. இப்பகுதியில் பழைய பங்களாக்கள் பல இடிபடாமல் நிற்பதற்கும் இந்தக் கட்டுப்பாடுகளே காரணம்.

வந்தவர்களின் முதலீடு

டேவிட் சசூன் 1792இல் பாக்தாதில் பிறந்தவர். அங்கே யூதர்களுக்கு நேர்ந்த நெருக்கடியால் வெளியேறி, பாரசீக வளைகுடாவின் புஷேர் வழியாக 1832இல் பம்பாய் வந்து சேர்ந்தார். பருத்தியிலும், சீனாவுக்கு அனுப்பிய அபினியிலும் பெருஞ்செல்வம் சேர்த்தார். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் கேம்ப்பின் ஓஹெல் டேவிட் ஜெப ஆலயம். செங்கல் நிறத்தாலும் உயர்ந்த கோபுரத்தாலும் ஊரார் அதை ‘லால் தேவுள்’, சிவப்புக் கோயில் என்கிறார்கள். 1864இல் புனேயில் இறந்த சசூனின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. இன்றும் ஏழைகள் வரிசையில் நிற்கும் சசூன் மருத்துவமனையும் அவர் பெயர் தாங்கியது. அபினிப் பணம் ஆஸ்பத்திரியான கதையில் வந்தேறி, கொடையாளி என்று இரண்டு சொற்களும் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன. இந்தியாவின் பாக்தாதி யூதர்களில் பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பின் இங்கிலாந்துக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டார்கள்.

பார்சிகளுக்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இன்னோர் அலை வந்தது. ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமைக்கும் ஒடுக்குதலுக்கும் தப்பி வந்த ஜொராஸ்ட்ரியர்கள் அவர்கள். பார்சிகளின் மதமேதான், ஆனால் ஆயிரம் ஆண்டு தாமதமாக வந்தவர்கள். அதனால் ‘இரானி’ என்று தனியாக அழைக்கப்பட்டார்கள். முன்னால் வந்தவர் பின்னால் வந்தவரைச் சற்றே கீழே வைப்பது குடியேற்றத்தின் மாறாத விதி போலும். பார்சிகள் பெருவணிகத்தில் இருந்தபோது இரானிகள் தேநீர்க் கடையும் பேக்கரியும் வைத்தார்கள்.

மதத்திலும் கலப்பு நேர்ந்தது. பட்டாணியர் மரபில் வந்தவராகச் சொல்லப்படும் ஹஸ்ரத் பாபாஜான் என்ற மூதாட்டி, கேம்ப்பின் ஒரு வேப்பமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். 1913இல், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மெர்வான் இரானி என்ற கல்லூரி மாணவர் அவரைச் சந்தித்தார். பின்னாளில் உலகம் மெஹர் பாபா என்று அறிந்தவர் அவரே. இஸ்லாமியப் பெண் ஞானியை வணங்கிய இரானி இளைஞருக்கு, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சீடர்கள் சேர்ந்தார்கள். பாபாஜான் 1931இல் மறைந்தார். சமாதி அதே இடத்தில், சாலையோரமாகவே இருக்கிறது.

1947இல் வாடிக்கையாளரே மாறினார். வெள்ளைச் சிப்பாய் போனார். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல கப்பலேறின. பிரிவினையில் வீடிழந்த சிந்திகள் வந்தார்கள். அருகே பிம்ப்ரியில் அவர்களுக்கு அகதி முகாம் அமைந்தது. கேம்ப்பின் கடைத்தெருவிலும் அவர்கள் கை ஓங்கியது.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஈரானியச் சகோதரர்கள் கயானி பேக்கரியைத் திறந்தது 1955இல், அதாவது துரைமார் போன பிறகு. அதன் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டுக்கு இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயர், சுட்டவர் ஈரானியர், இன்று புனேயிலிருந்து ஊருக்குப் போகும் மராத்திக் குடும்பத்தின் பையில் அது புனேயின் அடையாளமாகவே போகிறது. குதிரைக்கும் இதே கதை. கேம்ப்பை ஒட்டிய பந்தய மைதானம் படையினருக்காக உருவானது. குதிரை வளர்ப்பில் இருந்த பார்சிக் குடும்பத்தின் சைரஸ் பூனாவாலா, குதிரையின் சீரத்திலிருந்து மருந்து தயாரிக்கலாம் என்று 1966இல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். எண்ணிக்கையில் இன்று உலகிலேயே மிக அதிகமாகத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம் அது.

மனப்பான்மை

பேட்டைக்கும் கேம்ப்புக்கும் இடையே இருந்தது வெறும் தூரமல்ல. 1897 பிளேக்கின்போது ராணுவம் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டதில் பழைய ஊர் கொதித்தது. ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். அதன் நிழல் நெடுங்காலம் நீடித்தது. கேம்ப்பில் கடைமொழி மராத்தியைவிட இந்தியும் ஆங்கிலமுமாக இருந்ததும் ‘அது நம் புனே அல்ல’ என்ற எண்ணத்தை வளர்த்தது.

பெங்களூரை ஒப்பிடலாம். 1809இல் அங்கே பாளையம் அமைந்தபோது மெட்ராஸ் படையோடு தமிழர்கள் அல்சூர் பக்கம் பெருந்திரளாகக் குடியேறினார்கள். 1949இல் பாளையமும் நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. எண்ணிக்கையில் பெருத்த ஒரே மொழிக்கூட்டம் அரசியல் கண்ணை உறுத்தியது. 1991 காவிரிக் கலவரத்தில் தமிழர்கள் அடிபட்டார்கள். புனே கேம்ப்பில் எந்தக் கூட்டமும் அப்படிப் பெருகவில்லை. அதனால் எவரும் போட்டியாளராகத் தெரியவில்லை.

ஆனால் மகாராஷ்டிரம் எல்லா வந்தேறிகளையும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை. 1966இல் பிறந்த சிவசேனை முதலில் குறிவைத்தது பம்பாயின் தென்னிந்தியக் குமாஸ்தாக்களை. 2008இல் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் கிளர்ச்சியின்போது புனேயிலிருந்தும் வட இந்தியத் தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். இரானியின் தேநீர் பாரம்பரியம் என்று பெயர் வாங்கியது. பீகாரியின் உழைப்புக்கு அந்த மரியாதை இல்லை. எவ்வளவு தொலைவிலிருந்து வந்தார் என்பதல்ல அளவுகோல். எதைக் கொண்டுவந்தார், எத்தனை பேராக வந்தார் என்பதே.

மதியத்தில் கடையை மூடிவிட்டு ஓய்வெடுப்பது பேட்டைக் கடைக்காரரின் குணம் என்று புனேக்காரர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். கயானி பேக்கரியும் மதியம் மூடிவிடுகிறது.