ஆலெஃப், தாவ், ஒரு வேற்றுமை உருபு

கொரோனா முடக்கத்தின்போது எபிரெய எழுத்துகளைக் கற்க ஆரம்பித்தேன். பெரிய காரணமெல்லாம் கிடையாது. வீட்டிலிருந்த தமிழ் பைபிளில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்தால் எட்டு வசனத்துக்கு ஒருமுறை புரியாத ஒரு சொல் தலைப்பு மாதிரி நிற்கும். சின்ன வயதில் ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். அவை எபிரெய எழுத்துகளின் பெயர்கள் என்று ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. 22 எழுத்து, 22 பகுதி. மந்திரம் போனது, ஆர்வம் வந்தது.

எழுத்துக் கூட்டி வாசிக்கிற நிலைக்கு வந்தபோது ஒரு நண்பன் வீடியோ ஒன்றை அனுப்பினான். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில், எபிரெய மூலத்தில் ஏழு சொற்கள். நடுவிலிருக்கும் நாலாவது சொல்லை எந்த மொழிபெயர்ப்பிலும் காணோம், மறைத்துவிட்டார்கள் என்கிறார் பேசுகிறவர். அந்தச் சொல்லுக்கு இரண்டே எழுத்து. ஆலெஃப், தாவ். எபிரெய அகரவரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏசு தன்னை அல்ஃபா, ஒமேகா என்கிறாரே? கிரேக்கத்தில் அல்ஃபா, ஒமேகா என்றால் எபிரெயத்தில் ஆலெஃப், தாவ். ஆக, உலகம் படைக்கப்பட்ட முதல் வரியிலேயே ஏசு நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, ராத்திரி ரெண்டு மணிக்குப் புத்தகத்தை எடுத்து அந்தச் சொல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ரெண்டு வாரம் கழித்து இலக்கணப் பாடத்தில் அதே சொல் வந்தது. 'எத்'. செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் இடைச்சொல். தமிழில் 'வானத்தை' என்கிறோமில்லையா, அந்த 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு, அவ்வளவுதான். யாரும் மறைக்கவில்லை. தமிழ் பைபிளில் 'வானத்தையும்' என்பதற்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஏசா தன் பிறப்புரிமையை விற்றான் என்கிற இடத்திலும் 'எத்' உண்டு. காம் தன் தகப்பன் நோவாவின் நிர்வாணத்தைப் பார்த்தான் என்கிற இடத்திலும் உண்டு. அங்கெல்லாம் ஏசுவைத் தேடி யாரும் வீடியோ போடுவதில்லை.

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை. இந்தத் தேடலுக்கு எவ்வளவு வயது என்று பார்க்கப் போய், கிறிஸ்தவத்தின் வயதே அதற்கும் என்று தெரிந்தது.

பர்னபாவின் நிருபம் என்று ஒரு பழைய கிரேக்க நூல். கிபி முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. நாலாம் நூற்றாண்டின் சினாய் பைபிள் கையெழுத்துப் பிரதியில் புதிய ஏற்பாட்டு நூல்களோடேயே அதுவும் இருக்கிறது. ஆபிரகாம் தன் வீட்டு ஆட்கள் 318 பேரைக் கூட்டிக்கொண்டு லோத்தை மீட்கப் போன கதையில் ஒரு ரகசியம் இருப்பதாகச் சொல்கிறார் அதை எழுதியவர். கிரேக்கர்கள் எழுத்தையே எண்ணாகவும் எழுதியவர்கள். 10 என்றால் 'இ', 8 என்றால் 'ஏ'. ரெண்டும் ஏசு என்ற பெயரின் முதலிரு எழுத்துகள். 300 என்பது 'ட'. கிரேக்க 'ட' பார்க்கச் சிலுவை மாதிரியே இருக்கும். ஆக, ஆபிரகாம் ஏசுவையும் சிலுவையையும் அறிந்திருந்தார்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஆபிரகாமின் கதை எபிரெயத்தில் எழுதப்பட்டது. அங்கே அந்த எண் சொற்களால் எழுதப்பட்டிருக்கிறது. சிலுவை வடிவ எழுத்து ஒன்றும் அங்கே இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எபிரெய முன்னோருக்குக் கிரேக்க எண்கணிதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார் மனிதர். யூத ரபிகளும் இதே 318-ஐ விடவில்லை. ஆபிரகாமின் வேலைக்காரன் எலியேசர். அந்தப் பெயரின் எபிரெய எழுத்துகளைக் கூட்டினால், 1, 30, 10, 70, 7, 200. மொத்தம் 318. ஆகவே போனது முன்னூற்றிச் சொச்சம் பேர் இல்லை, எலியேசர் ஒருத்தன்தான் என்றார்கள். கணக்கு பிசிறில்லாமல் வருகிறது. அதனால் உண்மையா? அது வேற விஷயம்.

இதுவரைக்கும் விளையாட்டு. விளையாட்டு வழக்காக மாறியது 13-ஆம் நூற்றாண்டில். 1263-இல் பார்சலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜெய்மே முன்னிலையில் ஒரு விவாதம். கிறிஸ்தவத் தரப்பில் பேசியவர் பாப்லோ கிறிஸ்தியானி, யூதராகப் பிறந்து மதம் மாறிய துறவி. எதிரில் யூத அறிஞர் நக்மானிடிஸ். பாப்லோவின் உத்தி புதுசு. பைபிளை மட்டுமல்ல, யூதர்களின் தல்மூதையே எடுத்து, மெசியா வந்துவிட்டார் என்று உங்கள் ரபிகளே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். நக்மானிடிஸ் கேட்டது எளிமையான கேள்வி. அந்த ரபிகள் ஏசுவை நம்பியிருந்தால் ஏன் கடைசிவரை யூதர்களாகவே இருந்தார்கள்? இதற்குச் சரியான பதில் இன்றுவரை கிடையாது. ஆனால் விவாதத்தைத் தன் தரப்பிலிருந்து எழுதி வெளியிட்டதற்காக நக்மானிடிஸ் மீது வழக்கு வந்தது. எழுபது வயதையொட்டிய காலத்தில் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது.

'உன் புத்தகத்தை உன்னைவிட எனக்குத் தெரியும்' என்கிற வாக்கியத்தைப் படைபலம் உள்ளவன் சொல்லும்போது அதன் எடையே வேறு.

பீகோ டெல்லா மிராண்டோலாவுக்கு வருகிறேன். மறுமலர்ச்சிக் காலத்தின் செல்லப் பிள்ளை. 1486-இல், 23 வயதில், 900 கருத்துரைகளை அச்சிட்டு, ரோமுக்கு வந்து யார் வேண்டுமானாலும் என்னோடு வாதிடலாம் என்று அறிவித்தவர். அவற்றில் கணிசமான பகுதி கப்பாலா, அதாவது யூத மறைஞானம். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மந்திரக் கலையையும் கப்பாலாவையும் போல் உறுதிசெய்யும் அறிவு வேறில்லை என்பது அதில் ஒன்று. திருச்சபைக்கே இது அதிகமாகப் பட்டது. போப் எட்டாம் இன்னசென்ட் குழு அமைத்தார், 13 கருத்துரைகள் கண்டிக்கப்பட்டன, பிறகு முழு நூலுக்கும் தடை.

பீகோவுக்குக் கப்பாலா நூல்களை லத்தீனில் பெயர்த்துக் கொடுத்தவர் ஃபிளேவியஸ் மித்ரிடேட்டஸ் என்ற பந்தாப் பெயர் கொண்டவர். சிசிலியில் யூதராகப் பிறந்து மதம் மாறியவர். 1481 புனித வெள்ளியன்று போப் நான்காம் சிக்ஸ்டஸ் முன்னால் பிரசங்கம் செய்தவர். பழைய யூத நூல்கள் என்று அதில் அவர் காட்டியவற்றில் அவரே புனைந்தவையும் உண்டு. பீகோவுக்காக ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பெயர்த்தார். ஆங்காங்கே மூலத்தில் இல்லாத கிறிஸ்தவச் சாயல் கொண்ட சொற்களைச் செருகினார். ஜெருசலேமைச் சேர்ந்த ஆய்வாளர் ஹாயிம் விர்சுப்ஸ்கி 20-ஆம் நூற்றாண்டில் மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை வெளிக்கொண்டுவந்தார். முதலாளியைக் கிண்டலடிக்கும் வரிகளைக்கூட மித்ரிடேட்டஸ் உள்ளே வைத்திருக்கிறார்! யூத நூல்களுக்குள் கிறிஸ்துவைக் கண்டு பீகோ பரவசப்பட்ட இடங்களில் சில, மித்ரிடேட்டஸ் முதல்நாள் ராத்திரி வைத்துவிட்டுப் போனவை.

மித்ரிடேட்டஸை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் யூதராகப் பிறந்த ஓர் அறிஞனுக்குத் திறந்திருந்த கதவுகள் எத்தனை? வாங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து விற்றிருக்கிறார்.

1489-இல் வந்த ஹெப்டாப்ளுஸ் நூலின் கடைசியில் பீகோ பைபிளின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்கிறார். 'பெரேஷித்', ஆதியிலே. ஆறு எழுத்து: பேத், ரேஷ், ஆலெஃப், ஷின், யோத், தாவ். இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் 'ஆப்' (தகப்பன்), 'பார்' (மகன், இது எபிரெயமில்லை, அரமாயிக்), 'எஷ்' (நெருப்பு), 'பெரித்' (உடன்படிக்கை) என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார். தகப்பன் மகனிலும் மகன் வழியாகவும் உலகைப் படைத்தார் என்ற பொருளில் ஒரு முழு வாக்கியமே வந்துவிடுகிறது. வாக்கியத்தின் கடைசியில் 'நல்ல' என்று பொருள்படும் 'தோவ்' வேண்டும். எடுத்துவிட்டார். பிரச்சினை என்னவென்றால் 'தோவ்' என்பதை எழுத வேண்டிய எழுத்து தேத். 'பெரேஷித்'தில் இருப்பது தாவ். லத்தீனில் எழுதும்போது ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும், நம் 'த' மாதிரி. ஐரோப்பாவின் மகா மேதை அந்த ஓர் எழுத்தில் சறுக்கியிருப்பதைப் பார்த்தபோது, ராத்திரி ரெண்டு மணிக்கு 'எத்'தைத் தொட்டுப் பார்த்த என்மேல் கொஞ்சம் கருணை வந்தது.

ஆனால் இந்த எழுத்துக் கலைப்பைக் கண்டுபிடித்தவர் பீகோ இல்லை. 'திக்குனெய் ஸோஹர்' என்ற கப்பாலா நூல் அதே சொல்லுக்கு எழுபது விளக்கம் சொல்கிறது. ஆறு எழுத்தையும் மிச்சமில்லாமல் மாற்றிப் போட்டால் 'பெரித் எஷ்', நெருப்பின் உடன்படிக்கை. இன்னொரு மாதிரி போட்டால் 'யெரே ஷபாத்', ஓய்வுநாளுக்கு அஞ்சு. நானே நோட்டில் எழுதிப் பார்த்தேன், ரெண்டும் கச்சிதமாக வருகிறது. எழுபதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று இன்னொன்றை எழுப்பி அனுப்புவதில்லை. பீகோவுக்கு ஒரே வாக்கியம் போதும். யூதர்கள் ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட மிஞ்சாதபடி அவர்களின் நூல்களாலேயே அவர்களை மறுக்கலாம் என்று அவரே எழுதியும் வைத்திருக்கிறார். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எழுத்தைக் கலைப்பது அதே கலைப்புதான், கலைக்கிற கை எதற்காக நீள்கிறது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

இத்தோடு முடிந்தால் கதை சுலபம். குறுக்கே வருகிறார் யோஹான்னஸ் ராய்க்லின்.

ஜெர்மானிய வழக்கறிஞர், 1455-இல் பிறந்தவர். பேரரசரின் யூத மருத்துவர் யாக்கோபு லோவான்ஸிடம் எபிரெயம் கற்றவர். 1494-இல் 'அற்புதச் சொல்' பற்றி ஒரு நூல் எழுதினார். கடவுளின் எபிரெயப் பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்ற நாலு எழுத்து. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. நடுவில் ஷின் என்ற எழுத்தைச் செருகினால் உச்சரிக்கக்கூடிய பெயராகிவிடும், அதுதான் ஏசு என்றார் ராய்க்லின். சொல்ல முடியாத கடவுள் மனிதனானபோது சொல்ல முடிகிற பெயரானார் என்பது தத்துவம். கவிதையாகப் பார்த்தால் அழகு. எழுத்தாகப் பார்த்தால் தப்பு. ஏசுவின் பெயர் எபிரெயத்தில் அயின் என்ற எழுத்தில் முடிய வேண்டும், ஹேயில் அல்ல.

1509-இல் பெஃபர்கார்ன் என்ற மதம் மாறிய யூதர் பேரரசர் மாக்ஸிமிலியனிடம் ஆணை வாங்கி, யூதர்களின் நூல்களைப் பறிமுதல் செய்யக் கிளம்பினார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜெபக்கூடத்திலிருந்தும் வீடுகளிலிருந்தும் நூல்கள் அள்ளப்பட்டன. பேரரசர் அறிஞர்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கருத்துக் கேட்டார். 1510 அக்டோபரில் ராய்க்லின் எழுதிக் கொடுத்தார்: எரிக்கக்கூடாது. யூதர்கள் பேரரசின் குடிமக்கள், அவர்கள் சொத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கிறிஸ்தவர்களாக இருந்ததே இல்லை என்பதால் அவர்களை மதத் துரோகிகள் என்று சொல்லவும் முடியாது. எரிப்பதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகங்களில் எபிரெயம் கற்பிக்க ஆசிரியர்களை வையுங்கள். கேட்கப்பட்டவர்களில் இவ்வளவு திட்டவட்டமாக அந்த நூல்களுக்காக நின்றவர் அவர்தான். பிறகு பத்து வருடம் வழக்கு, துண்டுப் பிரசுரம், வசவு. 1520-இல் போப் பத்தாம் லியோ அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ரெண்டு வருடத்தில் ராய்க்லின் இறந்துபோனார்.

இவரை நல்லவர் என்று ஒரு சொல்லில் முடிக்க ஆசை. ஆனால் 1505-இல் அவரே, யூதர்கள் இவ்வளவு காலம் துன்பப்படுவது அவர்களின் கூட்டுப் பாவத்தால் என்று ஒரு கடிதம் அச்சிட்டிருக்கிறார். கப்பாலாவை அவர் காப்பாற்ற நினைத்ததற்கு ஒரு காரணம், அதற்குள் ஏசு இருக்கிறார் என்று நம்பியது. இல்லாத ஷின்னை அங்கே பார்த்ததால்தான் மற்ற எழுத்துகளை எரிக்க மனம் வரவில்லை. தப்பான வாசிப்பு அது, சந்தேகமே இல்லை. சரியான வாசிப்பு வைத்திருந்த யாரும் அன்று அந்த அரசவையில் இல்லை. இதை என்ன செய்வது? பல நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

காப்பாற்றியதும் ரொம்ப நாள் நிற்கவில்லை. 1553 செப்டம்பர் 9, யூதப் புத்தாண்டு நாள். ரோமின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூது பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன.

அந்தத் தல்மூதில், பெசாகிம் என்ற பகுதியில், ஒரு சின்னக் கதை வருகிறது. ஷிமோன் என்று ஒரு ரபி. அவர் தோராவில் வரும் ஒவ்வொரு 'எத்'துக்கும் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். ஆமாம், அதே ஆலெஃப் தாவ், அதே வேற்றுமை உருபு. ஒவ்வொரு 'எத்'தும் பக்கத்திலிருப்பதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறது என்பது அவருடைய முறை. உபாகமத்தில், கடவுளுக்கு அஞ்ச வேண்டும் என்கிற இடத்துக்கு வந்தார். அங்கேயும் ஒரு 'எத்'. கடவுளோடு யாரைச் சேர்ப்பது? நிறுத்திவிட்டார். அந்த ஓர் இடத்தை மட்டுமல்ல, அதுவரை சொன்ன எல்லா விளக்கத்தையும் கைவிட்டார். மாணவர்கள் பதறினார்கள். ஐயா, இத்தனை வருடம் சொன்னதெல்லாம் என்ன ஆவது? பொருள் சொன்னதற்கு எனக்குப் பலன் கிடைத்த மாதிரியே விட்டு விலகியதற்கும் கிடைக்கும் என்றாராம்.

பிறகு ரபி அகிவா வந்து அந்த 'எத்'துக்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தார் என்று கதை மேலே போகிறது. நான் ஷிமோனோடு நின்றுவிட்டேன். நண்பனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.