விளக்கும் பீடமும்

குறியீடு என்ற சொல்லை நம் விமர்சனத்தில் தாராளமாகவே செலவழித்துவிட்டோம். கவிதையில் விளக்கு வந்தால் ஞானம், ஆறு வந்தால் காலம் என்று எழுதிவிடுகிறோம், அர்த்தம் பொருளுக்குள் முன்கூட்டியே வைத்துப் பூட்டப்பட்டிருப்பதுபோல. யூதர்களின் ஏழுகிளை விளக்கான மெனோராவின் சரித்திரம் இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

யாத்திராகமம் அதைத் தட்டானிடம் வேலை சொல்லும் கறாருடன் விவரிக்கிறது. ஒரு தாலந்து பசும்பொன். தண்டின் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள். வாதுமை வடிவ மொக்குகள். என்ன அர்த்தம் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. (தமிழ் பைபிள் இதைக் குத்துவிளக்கு என்றே மொழிபெயர்த்தது. நல்ல மொழிபெயர்ப்பு என்பேன். சாமானைச் சாமானாகவே விட்டுவைக்கிறது.)

அது சின்னமாவதைக் காசில் பார்க்கலாம். கி.மு. 40 முதல் 37 வரை ஆண்ட கடைசி ஹஸ்மோனிய அரசன் மத்தத்தியா ஆன்டிகோனஸ் ஒரு சிறு வெண்கலக் காசை அடித்தான். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஆலயத்தில் சமுகத்தப்பம் வைக்கும் மேஜை. அவன் பிரதான ஆசாரியனும்கூட. எதிரே ரோமாபுரியின் துணையோடு ஏரோது. ஆலயம் யாருடையது என்ற கேள்வி எழுந்த பிறகுதான் விளக்கைக் காசில் பொறிக்கவேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 70-இல் டைட்டஸின் படை ஆலயத்தை அழித்தது. மறுவருஷம் ரோமாபுரியின் வெற்றி ஊர்வலத்தில் விளக்கு போயிற்று. டைட்டஸ் 81-இல் இறந்தபின் எழுப்பப்பட்ட வளைவின் உட்சுவரில் அந்த ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரர்கள் தோளில் விளக்கு, கூடவே மேஜை. காசின் இரு பக்கங்களில் இருந்தவை இங்கே ஒரே சுவரில், கொள்ளைப் பொருளாக. அந்தச் சிற்பத்து விளக்கில் மஞ்சள் காவி பூசியிருந்ததற்கான தடயத்தை 2012-இல் கண்டுபிடித்தார்கள். கல் பொன்னாகத் தெரியவேண்டும் என்பதில் ஜெயித்தவனுக்கு அவ்வளவு அக்கறை. அசல் விளக்கை வெஸ்பாசியன் தான் கட்டிய கோயிலில் வைத்தான். கோயிலின் பெயர் சமாதானம். பிற்பாடு விளக்கு எங்கே போயிற்று என்பதற்குக் கதைகள்தான் மிச்சம்.

1949 பிப்ரவரியில் இஸ்ரேல் தன் அரசுச் சின்னமாக மெனோராவை ஏற்றது. மாதிரி எது? ஆன்டிகோனஸின் காசு அல்ல, டைட்டஸின் வளைவு. தோற்றவனுக்குத் தன் விளக்கின் உருவம் ஜெயித்தவனின் சுவரிலிருந்து கிடைக்கிறது. தலைமை ரப்பி ஐசக் ஹெர்ஸாக் ஆட்சேபித்தார். அவர் கை வைத்த இடம் பீடம். வளைவில் இருப்பது இரண்டடுக்குப் பெட்டி, அதன் முகப்பில் கடல் மிருகங்கள். பழைய யூத ஆலயங்களின் தரைச் சித்திரங்களிலோ விளக்கு மூன்று கால்களில் நிற்கிறது. விக்கிரகத்தை மறுத்த மதத்தின் ஆலயத்தில் அப்படிப்பட்ட பீடம் இருந்திருக்க முடியாது என்பது அவர் வாதம்.

ரப்பியின் வாதம் பலமானது. ஆனாலும் தேர்ந்தவர்கள் பக்கம்தான் நான் சாய்கிறேன். காசிலுள்ள விளக்கு ஓர் ஆசாரிய அரசனின் சொத்து. வளைவிலுள்ளதோ 70-ஆம் வருஷத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. மூன்று கால் வைத்துத் திருத்தினால் அந்த வருஷம் கழன்று விழுந்துவிடும்.

அரசுச் சின்னத்தை வரைந்தவர்கள் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மிருகங்கள் இருந்த கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள்.