குழந்தைவழி இணையுணவு முறை

குழந்தைவழி இணையுணவு முறை என்பது, 6 மாதம் நிறைந்த குழந்தைக்குக் கூழையும் மசியலையும் கரண்டியால் ஊட்டாமல், வீட்டார் உண்ணும் உணவையே கையால் பிடிக்கத்தக்க துண்டுகளாக முன்னே வைத்து, குழந்தை தானே எடுத்து உண்ணவிடும் வழக்கம். பேபி லெட் வீனிங் என்ற பெயரில் பிரிட்டனில் உருவாகி, 2008க்குப் பின் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வேகமாகப் பரவியது. பாலை நிறுத்துவது இதன் நோக்கமன்று. முதல் ஆண்டு முழுவதும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ தொடர்கிறது. எந்த உணவை வைப்பது என்பதைப் பெரியவர் முடிவு செய்கிறார். எடுப்பதா வேண்டாமா, எவ்வளவு, எப்போது போதும் என்பவை குழந்தையின் முடிவுகள். இந்தப் பங்கீடுதான் முறையின் அடித்தளம். குழந்தை கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று இதைப் புரிந்துகொள்வோர் பாதியை மட்டுமே அறிந்தவர்கள்.

முன்வரலாறு

பல்லில்லாத குழந்தையின் கையில் ரொட்டித் துண்டோ பழமோ கொடுத்துப் பார்ப்பது எல்லா நாடுகளிலும் உள்ள பழக்கம். ஆனால் குழந்தை தன் உணவைத் தானே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை முறையாகச் சோதித்துக் குறிப்பெடுத்தவர் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ். அவர் காலத்து அமெரிக்கக் குழந்தை மருத்துவம் கடிகாரத்தையும் அளவுக் குவளையையும் நம்பியது. எந்த வயதுக்கு எத்தனை அவுன்ஸ், எந்த மணிக்கு எது என்று அச்சிட்ட பட்டியலைத் தாயிடம் கொடுத்து அனுப்புவார்கள். தாய் அதன்படி திணிப்பார். குழந்தை வாயை மூடிக்கொள்ளும். 'சாப்பிடவே மாட்டேன் என்கிறது' என்ற முறையீட்டோடு அவர் மறுபடியும் அதே மருத்துவரிடம் வருவார். இந்தச் சுழலுக்குக் குழந்தையின் பிடிவாதம் காரணமா, பட்டியல் காரணமா என்று டேவிஸ் கேட்டார்.

சோதனை 1926இல் கிளீவ்லாந்தின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் தொடங்கிப் பின்னர் சிகாகோவின் குழந்தைகள் நினைவு மருத்துவமனைக்கு மாறியது. மொத்தம் 15 குழந்தைகள். சேரும்போது வயது 6 மாதத்திலிருந்து 11 மாதம் வரை. அதுவரை பால் தவிர எதையும் சுவைத்திராதவர்கள். ஆதரவற்ற இளம் தாய்மாரும் கைம்பெண்களும் பெற்ற இந்தக் குழந்தைகள் சோதனைக் காலம் முழுவதும் மருத்துவமனையிலேயே வளர்ந்தனர். சிலர் சில மாதங்களும், பலர் ஆண்டுக்கணக்கிலும், அதிகபட்சமாக நாலரை ஆண்டும் இருந்தனர். இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு ஒப்புதல் தராது.

உணவுப் பட்டியலில் 34 பொருள்கள் இருந்தன. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, ஹாடக் மீன், முட்டை. ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு, அன்னாசி, பீச். காரட், பீட்ரூட், பட்டாணி, டர்னிப், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கீரை, உருளைக்கிழங்கு. ஓட்ஸ், கோதுமை, பார்லி, சோளமாவு. பால், புளித்த பால், தண்ணீர், கடலுப்பு. சர்க்கரை இல்லை. வெண்ணெய், பாலாடைக்கட்டி, டப்பா உணவு எதுவும் இல்லை. எதையும் எதோடும் கலக்காமல் தனித்தனியாகச் சமைத்தார்கள்; சிலவற்றைப் பச்சையாகவும் வேகவைத்தும் இரு வகையாக வைத்தார்கள். உப்பு தனிக் கிண்ணத்தில் இருந்தது.

தட்டை வைத்த பிறகு செவிலி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாலோ சுட்டினாலோதான் அதிலிருந்து ஒரு கரண்டி அள்ளுவார். குழந்தை வாயைத் திறந்தால் மட்டும் கொடுப்பார். 'இதைத் தின்னு' என்று சொல்லக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, எந்தக் கிண்ணத்தையும் குழந்தையின் பார்வைக்கு நகர்த்தக்கூடாது. குழந்தை கையை விட்டு அளைந்தாலும், முகத்தைக் கிண்ணத்துக்குள் நுழைத்தாலும் திருத்தக்கூடாது. 20, 25 நிமிடத்தில், குழந்தை நிறுத்தியதும் தட்டு எடுக்கப்படும். மிச்சத்தை நிறுத்துப் பார்த்துத் தரையில் சிந்தியதையும் கணக்கில் கழிப்பார்கள். இப்படிச் சேர்ந்த பதிவு 36,000 வேளை உணவுக்கும் மேல்.

ஒரு குழந்தையின் உணவுமுறை இன்னொன்றைப் போல இருக்கவில்லை. ஒரு காலை உணவு ஆரஞ்சுச் சாறும் ஈரலும். ஓர் இரவு உணவு பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். எந்த உணவியல் நூலும் இப்படி எழுதியிருக்காது. கடலுப்பை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்து அழுத குழந்தைகள், அதைத் துப்பாமல் மறுபடியும் அதே உப்பை எடுத்தன. சேரும்போது ஐந்து குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் எனும் எலும்பு மெலிவு நோய் இருந்தது. அவற்றுள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் தட்டில் மட்டும் மீன் ஈரல் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றும் வைக்கப்பட்டது. அக்குழந்தை அதை விரும்பிக் குடித்தது. எலும்பு தேறிய பின் தொடவில்லை. ஒரே ஒரு குழந்தை என்பதால் இதைச் சான்றாகக் கொள்வதற்கில்லை என்றாலும், டேவிஸைப் பற்றி எழுதுவோர் எவரும் இந்தக் கிண்ணத்தை விட்டுவிடுவதில்லை. 15 குழந்தைகளும் நல்ல எடையும் வளர்ச்சியும் பெற்றனர்.

1939இல் முடிவுகளைத் தொகுத்தபோது டேவிஸே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார். சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது. நல்ல உணவுகளை மட்டும் வைத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தவறாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்றார். பதப்படுத்திய உணவையும் சேர்த்து அடுத்த சோதனை நடத்த விரும்பினார். பொருளாதாரப் பெருமந்தம் அதற்கு இடம் தரவில்லை. பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில் இச்சோதனையை எடுத்துச் சொன்னதால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. குழந்தையின் உடல் தனக்கு வேண்டியதை அறியும் என்ற பாதி ஊரெங்கும் பரவியது. பட்டியலைப் பற்றிய மறுபாதி பலர் காதில் ஏறவில்லை.

மசியலின் காலம்

டேவிஸ் தட்டுகளை நிறுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நேர் எதிரான ஒரு தொழில் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்து ஃப்ரீமாண்ட் ஊரில், தன் மகளுக்குப் பட்டாணியை வடிகட்டி அலுத்துப்போன டோரதி கெர்பர், அதைத் தங்கள் குடும்ப ஆலையிலேயே செய்யலாமே என்று கணவரிடம் கேட்டார். 1928இல் கெர்பர் டப்பா உணவு கடைக்கு வந்தது. 1931இல் டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் உருவாக்கிய பாப்ளம் என்ற தானிய மாவு வந்தது. கையில் டப்பா வந்ததும் வயது இறங்கியது. ஓராண்டு பொறுத்துத் திடவுணவு என்றிருந்த வழக்கம் சில மாதமாகி, 1950களில் சில வாரமானது. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியக் கூழ் கொடுக்கச் சொன்ன அமெரிக்க மருத்துவரும் உண்டு. தலை நிற்காத, நாக்கால் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிற குழந்தைக்கு மசியலும் கரண்டியும் இல்லாமல் உணவைச் செலுத்த முடியாது. மசியல் இப்படித்தான் கட்டாயமானது.

பிறகு வயது மீண்டும் ஏறியது. 4 மாதத்துக்கு முன் திடவுணவு வேண்டாம் என்று 1974இல் பிரிட்டன் அறிவித்தது. 2001இல் உலக சுகாதாரப் பேரவை 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று பரிந்துரைத்தது. 2003இல் பிரிட்டன் அதை ஏற்றது. சுகாதாரச் செவிலியராகவும் பேறுகாலச் செவிலியராகவும் பணியாற்றிய ஜில் ராப்லி எழுப்பிய கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 3 மாதக் குழந்தைக்காக வந்த மசியல், உட்காரவும் எட்டிப் பிடிக்கவும் மெல்லவும் தொடங்கிவிட்ட 6 மாதக் குழந்தைக்கு எதற்கு? டிரேசி மர்கெட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2008இல் வெளியானது. பெயரும் முறையும் அதன் வழியே பரவின.

செய்யும் விதம்

பிடிமானத்தோடு நிமிர்ந்து உட்காருதல், தலை நிலையாக நிற்றல், பொருளை எடுத்து வாய்க்குக் கொண்டுபோதல், நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சை மறைதல் ஆகியன தயார்நிலையின் அடையாளங்கள். கேட்ஸ்ஹெட் நகரில் 602 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 56 விழுக்காட்டினர் 6 மாதத்துக்கு முன்பே உணவுக்குக் கை நீட்டினர். 6 விழுக்காட்டினர் 8 மாதத்திலும் நீட்டவில்லை. பின்னவர்களுக்கு இந்த முறை மட்டும் போதாது என்பது வெளிப்படை.

6 மாதக் குழந்தை விரல் நுனியால் எடுக்காது, முஷ்டியால் பிடிக்கும். அதனால் வேகவைத்த காரட்டை வட்டமாக நறுக்காமல் பெரியவர் விரல் நீளத்துக்கு நறுக்குகிறார்கள். பாதி முஷ்டிக்குள் மறைய, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய பகுதியை ஈறால் நசுக்கி முடித்ததும், உள்ளே இருக்கும் மிச்சத்தை எடுக்கக் கையைத் திறக்க வேண்டும் என்பது தெரியாமல் குழந்தை முஷ்டியையே சப்பும். காம்போடு வேகவைத்த பிராக்கோலி, பழுத்த வெண்ணெய்ப் பழம், ரொட்டிக் கீற்று ஆகியன ஆங்கில நூல்களின் வழக்கமான தொடக்கங்கள். நம் வீடுகளில் இட்லி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், நன்கு வெந்த பூசணிக் கீற்று ஆகியவை அதே வேலையைச் செய்யும். எதுவானாலும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே அழுத்தினால் நசுங்க வேண்டும். 9 மாத வாக்கில் விரல் நுனிப் பிடி வந்ததும் சிறு துண்டுகள் வைக்கலாம்.

தேன் ஓராண்டு வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. குழம்பில் உப்பும் காரமும் போடுமுன் குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடலாம்.

அடைப்பும் ஓங்கரிப்பும்

பாட்டிமார் அஞ்சுவது தொண்டையடைப்புக்கு. குழந்தை முகம் சிவந்து, கண் கலங்கி, சத்தத்தோடு உணவை முன்னே தள்ளுவது ஓங்கரிப்பு. அது தற்காப்பு, தானே அடங்கும். இந்த வயதில் ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் பெரியவர்களைவிட நாக்கின் முன்பகுதியில் இருப்பதால் அடிக்கடி வரும். சத்தமில்லாமல், இருமவும் அழவும் முடியாமல், உதடு நீலம் பாய்வதே அடைப்பு. அப்போது தாமதிக்காமல் முதுகில் தட்டி முதலுதவி செய்ய வேண்டும். முழுத் திராட்சை, முழு நிலக்கடலை, பாப்கார்ன், பச்சைக் காரட், பச்சை ஆப்பிள் துண்டு, வட்டமாக நறுக்கிய சாசேஜ் ஆகியன எந்த முறையிலும் கூடாதவை. முறுக்கும் பொட்டுக்கடலையும் இதே வரிசையில் சேரும். படுக்கவைத்தோ நடக்கவிட்டோ உண்ணத் தராமல், உண்ணும்போது ஒருவர் அருகே இருந்தே தீர வேண்டும்.

ஆய்வுகள்

நாட்டிங்காமில் 155 குழந்தைகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, தானே உண்டவர்களின் எடை சீராக இருந்ததாகச் சொல்லிப் பத்திரிகைத் தலைப்பானது. ஆனால் அதில் பெற்றோர் தாமே தேர்ந்தெடுத்த முறைகள்தான் ஒப்பிடப்பட்டன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் டனீடினில் 206 தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ப்ளிஸ் ஆய்வு அதைவிட வலுவானது. அதன் 2017 முடிவுப்படி, 12ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் இரு பிரிவின் உடல் எடைக் குறியீட்டில் வேறுபாடில்லை. உடற்பருமனைத் தடுக்கும் என்ற விளம்பரம் அத்துடன் முடிந்தது. தானே உண்ட குழந்தைகள் உணவில் கூடுதல் விருப்பமும் குறைந்த அடமும் காட்டினர்.

அடைப்பிலும் வேறுபாடில்லை: இரு பிரிவிலும் 35 விழுக்காட்டினருக்கு 6 முதல் 8 மாதத்துக்குள் ஒரு முறையாவது அடைத்திருந்தது. ஓங்கரிப்பு, தானே உண்டவர்களிடம் 6ஆம் மாதத்தில் கூடுதலாகவும் 8ஆம் மாதத்தில் குறைவாகவும் இருந்தது. கவலை தருவது வேறொன்று: 7ஆம் மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், 12ஆம் மாதத்தில் 94 விழுக்காட்டினருக்கும் அடைக்கக்கூடிய உணவு கொடுக்கப்பட்டிருந்தது. குற்றம் முறையின் மேல் இல்லை, தட்டின் மேல் இருக்கிறது.

பிறப்பில் பெற்ற இரும்புச் சேமிப்பு 6 மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. காய்கனிகளை மட்டும் சப்பிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சோகை வரலாம். ப்ளிஸ் ஆய்வில் ஒவ்வொரு வேளையும் இரும்பு மிகுந்த ஓர் உணவும், ஆற்றல் மிகுந்த ஓர் உணவும் வைக்கச் சொல்லிப் பயிற்சி தந்தார்கள். அதனால்தான் இரும்பு நிலையில் இரு பிரிவும் ஒத்திருந்தன. அந்த அறிவுரை இல்லாத வீட்டுக்கு அந்த முடிவு பொருந்தாது. மென்மையாக வெந்த இறைச்சிக் கீற்று, ஈரல், மீன், பருப்பை உருட்டி வேகவைத்த உருண்டை போன்றவை முதல் வாரத்திலிருந்தே வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை தேறாத குழந்தைகளுக்கும் கரண்டியே பாதுகாப்பு.

இன்றைய நிலை

பிரிட்டனின் தேசிய நலச் சேவை கரண்டி, கையுணவு இரண்டையும் ஏற்கிறது. கரண்டி கூடவே கூடாது என்ற தொடக்க காலப் பிடிவாதம் அங்கும் தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 6 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடிகள் சத்துமாவு வழங்குகின்றன. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டுவதே பெரும்பான்மை வழக்கம். குழந்தை பிடித்து உண்ணத்தக்க மெல்லிய கொழுக்கட்டையாகவும் அதே மாவைப் பிடிக்கலாம்.